பத்துக்கு மூன்று

என் பெயர் செண்பகவடிவு. சங்குமேடு நகரக் குடிநீர் வாரியத்தில் உதவி செயற்பொறியாளர். நாளை மறுநாள் மாலை ஐந்தே முக்காலுக்குப் பிறகு இந்த வரியில் 'ஓய்வு' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, வலது முழங்காலும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. தேங்காய்ச் சட்னியில் கொத்தமல்லி போட்டால் தொட மாட்டேன். போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டேன். உண்மையிலேயே தேவை இருக்கிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் வைத்துவிட மாட்டார்கள் என்பது என் கணிப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதவர்களை எனக்குப் பிடிக்கும்.

இது என் அறிமுகம். மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதல் அறிமுகத்தைத் தலைமை அலுவலகத்திலேயே யாரோ எழுதி அனுப்பியிருந்தார்கள். அயராத உழைப்பு, தொலைநோக்கு, தாயுள்ளம் என்றெல்லாம் இருந்தது. படித்தபோது செத்துப்போன யாரையோ பற்றி எழுதியது போலிருந்தது. இரண்டாவதை நானே பேசினேன், பேசி அவமானப்பட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது இது. அலுப்பாகத்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளை கடைசி வாரத்தில் உட்கார வைத்து நீ யார் என்று கேட்டால் யாருக்குத்தான் அலுக்காது.

கேட்பது மனிதர் இல்லை. அதன் பெயர் நீட்சி. மூன்று மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து செய்யது தாவூத் என்ற இளம் பொறியாளர் அதை ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஓய்வு பெறப் போகும் பொறியாளர்களின் அனுபவம் வீணாகிவிடக் கூடாது என்று வாரியம் எடுத்த முடிவு அது. பதினான்கு ஊர்களில் அது தண்ணீர் பங்கிட, முன்மாதிரியாக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"மேடம், இது உங்க வேலையைப் பார்க்கப் போறதில்ல. உங்களை மாதிரி வேலையைப் பார்க்கப் போகுது" என்றார் தாவூத்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் தம்பி?"

"எந்த வால்வை எப்பத் திறந்தீங்க, எப்ப மூடுனீங்க, எந்தப் புகாருக்கு ஆள் அனுப்புனீங்க, எதுக்கு அனுப்பல, எல்லாம் பதிவுல இருக்கு. அதை இது படிச்சிருச்சு. ஏன் அப்படிச் செஞ்சீங்கங்கிறது மட்டும் பதிவுல இல்ல. அதுக்குத்தான் அறிமுகம். நீங்க யாருன்னு இதுக்கிட்ட சொல்லுவீங்க. தான் யாருன்னு இது என்ன நெனைக்குதோ, அதை வச்சுத்தான் முடிவெடுக்கும்."

"நான் பொய் சொன்னா?"

"பதிவோட ஒத்துப் போகலன்னா கேள்வி கேட்கும் மேடம்."

"கல்யாணம் பண்ணியிருந்தா இந்தக் கேள்வியெல்லாம் வீட்டுலயே பழகியிருக்கும்" என்றேன். அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார். நல்ல பையன். முப்பத்து நாலு வயசு. எல்லாவற்றுக்கும் சரி மேடம் என்பார்.

பிரச்சினையை எப்படித் தீர்ப்பீர்கள் என்பதுதான் நீட்சி கேட்ட முதல் கேள்வி. யோசிக்காமல் சொன்னேன்.

"யாரு எவ்வளவு பொய் சொல்றாங்கன்னு மொதல்ல பார்ப்பேன்."

"எல்லாருமே சொல்வாங்களா?"

"தண்ணி விஷயத்துல எல்லாருமே."

சத்தியமான பேச்சு அது. தொட்டியில் பதினோரு அடி தண்ணீர் இருந்தால் ஆபரேட்டர் ஒன்பது என்பார். பதினொன்று என்றால் இரண்டு அடியை வேறு பகுதிக்குத் திருப்பிவிடுவார்கள், நாளைக்கு அவர் தெருக்காரர்கள் அவரைத்தான் பிடிப்பார்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் வந்த தெருவில் அரை மணி என்பார்கள். அரை மணி என்றால்தான் ஒரு மணியைக் குறைக்க மாட்டார்கள் என்று ஒரு பயம். யாரும் கெட்டவர்கள் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு நான் அனுப்பிய விவரத்திலும் ஒரு அடியை எப்போதும் ஒளித்தே வைத்திருந்தேன். இந்த ஊரில் தண்ணீர் என்பது அடுக்கடுக்காகச் சொல்லப்பட்ட பொய்களுக்கு நடுவில் ஓடுகிற ஒன்று.

அதனால் ஒரு நோட்டு போட்டேன். ஆள் பெயர், பகுதியின் பெயர், பக்கத்தில் ஒரு எண். பத்துக்கு எத்தனை நம்பலாம் என்பது அந்த எண். தெற்குத் தொட்டி ஆபரேட்டருக்கு எட்டு. மீன்கடைப் பகுதிக்கு ஐந்து. ஊரின் கடைசியில், உப்பளத் தொழிலாளர்கள் இருக்கும் உப்பளக் குடியிருப்புக்கு மூன்று. அங்கிருந்து சந்தனமாரி என்று ஒருத்தி பேசுவாள். காலை ஏழு மணிக்குத் தண்ணியே வரவில்லை என்பாள். அதே நேரத்தில் எங்கள் ஆள் அந்தத் தெருக்குழாயில் கை கழுவிக்கொண்டு நிற்பார். மூன்று முறை கையும் களவுமாகப் பிடித்த பிறகு மூன்று என்று போட்டேன். கொஞ்ச நாளில் அந்த எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

என் நோட்டு சாதாரணமான நோட்டு இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய வறட்சியில் நீர்த்தேக்கம் காய்ந்து, நான்கு நாள் தண்ணீர்தான் கையில் இருந்தது என்று எல்லா விவரமும் சொன்னது. நான் ஒவ்வொருவர் ஒளித்து வைத்திருந்ததையும் நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். நாற்பத்தாறு நாள் ஊரை ஓட்டினேன். அதற்குத்தான் விருது, அதற்குத்தான் நீட்சி. என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட ஒரே ஒரு விஷயம் உண்டென்றால் அந்த நோட்டுதான்.

மூன்றாவது வாரத்துக்குள் நீட்சி என்னைப் போலவே பேசத் தொடங்கியிருந்தது. நான் எதையாவது நீட்டி முழக்கினால் "ம், அப்புறம்?" என்று கேட்கும். அது என் வாய்ப் பழக்கம். கேட்கும்போது இத்தனை வருஷம் எத்தனை பேரை இப்படிக் கேட்டுத் துரத்தினேனோ என்று தோன்றும். ஒருநாள் அதுவாகவே சொன்னது.

"உங்க முறையில ரொம்பச் சுத்தமாத் தீர்ந்த பிரச்சினை எதுன்னு பார்த்தேன். சொல்லட்டுமா?"

"வறட்சி வருஷமா?"

"இல்ல. உப்பளக் குடியிருப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால மூணு நாள்ல நாப்பத்து மூணு அழைப்பு. நீங்க பத்துக்கு மூணு போட்டு ஆள் அனுப்பல. அப்புறம் ஒரு மனு வந்துச்சு. ஆய்வு செய்ததில் குறை ஏதும் இல்லைன்னு பதில் போட்டீங்க. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அங்கேருந்து ஒரு அழைப்புகூட இல்ல. ஆளும் போகல, குழாயும் மாத்தல, பிரச்சினை தீர்ந்திருச்சு. பதினாலு ஊர்லயும் மொதல்ல இதைத்தான் செய்யலாம்னு வச்சிருக்கேன்."

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டைப் பிரித்தபோதுதான் உறைத்தது. இந்த ஊரில் தண்ணீரைப் பற்றிப் பதினோரு வருஷம் புகார் சொல்லாதவர்கள் யார்? கலெக்டர் பங்களாவிலிருந்தே மாதம் இரண்டு போன் வரும். ஒழுங்காகத் தண்ணீர் வருகிற தெருவிலிருந்துதான் அதிகமாகப் புகார் வரும். அது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மௌனத்தை நான் 'தீர்ந்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து உப்பளத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அறுபத்தெட்டு வீடுகள் என்பது என் பதிவு. நான் எண்ணியபோது ஆள் இருந்தது இருபத்தைந்து வீடு. மற்றவை பூட்டிக் கிடந்தன, சிலவற்றுக்குக் கதவே இல்லை.

சந்தனமாரிக்கு இப்போது ஐம்பது இருக்கும். கையெல்லாம் உப்பு அரித்த தழும்பு. வாசலில் நின்று யார் வேண்டும் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன்.

"போன் எடுக்காத மேடமா?" என்றாள். "குரல் கேட்டே பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, அதான் ஆளு தெரியல. உள்ள வாங்க."

டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். நான் வாங்கியதும் பார்த்துக்கொண்டே நின்றாள். "குடிங்க, அது கேன் தண்ணிதான்."

குழாய்த் தண்ணீர் வேண்டும் என்றேன். அன்று அவர்கள் முறை நாள். வெளியே கூட்டிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். முதலில் காற்று, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன். சவர்த் தண்ணீர்கூட இல்லை அது, உப்புக் கரைசல்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நாளா? என் மவன் ஆறாப்பு படிக்கையில ஆரம்பிச்சுது. இப்ப அவன் கப்பல்ல வேலைக்குப் போயிட்டான்."

"ஏன் போன் பண்றத விட்டுட்டீங்க?"

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீங்கதான எழுதிப் போட்டீக, குறை ஏதும் இல்லன்னு. முத்திரையெல்லாம் குத்தி வந்துச்சு. அதுக்கு மேல யாருகிட்ட போய்ச் சொல்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"மொத வருசம் நான் பொய்தான் சொன்னேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். தண்ணி வரும்போதே வரலம்பேன். ஏன்னா நிசமா வராதப்ப சொன்னா உங்காளு வர நாலு நாளாவும். அதான் நாலு நாள் முன்னாலேயே சொல்லி வச்சிருவேன். அது தப்புதான். ஆனா அந்த மூணு நாளு நான் பொய் சொல்லல மேடம். அளத்துல எல்லாரும் மாத்தி மாத்தி அடிச்சோம், ஒருத்தரும் எடுக்கல."

குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பக்கத்து உப்பளம் பர்னபாஸ் என்பவருடையது. எங்கள் குழாய் அவர் பாத்திகளுக்கு அடியில் போகிறது. தண்ணீர் திறக்கும்போது நல்ல தண்ணீர் வெளியே கசிகிறது, மூடியதும் உப்பு நீர் குழாய்க்குள் இறங்குகிறது. ஊர்ப்பக்கம் இருக்கும் மீட்டரில் ஓட்டம் சரியாகவே காட்டும். பாத்தியில் நல்ல தண்ணீர் ஊறுகிறது, உப்பு விளையவில்லை என்று பர்னபாஸும் அந்தக் காலத்தில் மூன்று மனு போட்டிருந்தார். நஷ்டஈடு கேட்கிற முதலாளி என்று அவருக்கு நான் பத்துக்கு இரண்டு போட்டிருந்தேன்.

கிளம்பும்போது சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தேன். "எங்க வீட்டுக்காரரு. கிட்னி போச்சு" என்றாள். "தண்ணியாலயான்னு டாக்டர்ட்ட கேட்டேன். இருக்கலாம்னாரு. அளத்து வேலை, வெயிலு, எதைன்னு சொல்ல. நீங்க ரிட்டயர் ஆகப் போறீகளாம்ல? பேப்பர்ல போட்டோ வந்துச்சு."

"ஆமா."

"அப்ப இதுக்கு மேல என்ன செய்யப் போறீக?" கோபமாகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. ஆட்டோவில் வரும்போது அழுகை வந்தது, அழுதேன்.

சரி செய்வது லேசான வேலை என்று நினைத்தேன். ஆனால் அப்போது நீட்சிக்குச் சோதனைக் காலம் தொடங்கியிருந்தது. ஆள் அனுப்புவது, குழாய் தோண்டுவது, வால்வு திறப்பது எல்லா உத்தரவும் நீட்சி வழியாகத்தான் போக வேண்டும். பொறியாளர் கை வைக்கக் கூடாது.

"உப்பளத்துக்கு ஆள் அனுப்பு. பாத்திக்கு அடியில குழாய் உடைஞ்சிருக்கு" என்றேன்.

"யாரு சொன்னாங்க?"

"சந்தனமாரி. நானும் போய்ப் பார்த்தேன். குடிச்சே பார்த்தேன்."

"உப்பளக் குடியிருப்பு பத்துக்கு மூணு. மீட்டர்ல ஓட்டம் சரியா இருக்கு. புகாரும் இல்ல."

"அந்த மூணு தப்பு."

"எப்போலேருந்து தப்பு?"

அந்த எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு உண்மை வந்து சேர வேண்டும். அங்கிருந்து எது வந்தாலும் நான் மூன்றாக வெட்டிவிடுகிறேன். பிறகு எப்படி மாறும்? பதினோரு வருஷம் அந்த ஓட்டையை நான் பார்க்கவே இல்லை. குழாய் ஓட்டையைச் சொல்லவில்லை.

பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரைக் காட்டினேன். யார் பாட்டிலில் கொண்டுவந்தாலும் அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு ஏற்கக் கூடாது என்பது என் வழக்கம் என்று நினைவுபடுத்தியது. உண்மைதான். ஒருமுறை ஒரு கவுன்சிலர் சமையல் உப்பைக் கலக்கிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துக் கத்தினார். அன்று போட்ட சட்டம் அது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: பொருள் குறித்து நீட்சியின் கருத்து பெறப்பட்டது, குறை ஏதும் இல்லை. அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம்.

தாவூதை எழுதச் சொன்னேன். அவரும் உப்பளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். அதற்கும் அதே பதில்தான் வந்தது. பிறகு நீட்சியிடம் கேட்டார்.

"என்னோட எண் எவ்வளவு?"

"நாலு. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க சொல்றதுக்குச் சரிம்பீங்க."

தாவூத் "சரி" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் வேறொன்றும் செய்தார். பதினான்கு ஊர்களின் பழைய பதிவுகளை எடுத்து, புகார் சடாரென்று ஏறி, பிறகு ஒரேயடியாக நின்றுபோன இடங்கள் எத்தனை என்று தேடினார். இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். அத்தனைக்கும் நேராக நீட்சி 'தீர்ந்தது' என்று குறித்திருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த ஊர்களுக்கெல்லாம் அதுதான் தண்ணீர் விடப் போகிறது. அது பின்பற்றும் முறைக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள்.

"மேடம், பதிவை மாத்த முடியாது. ஆனா அறிமுகத்தை இன்னும் பூட்டல" என்றார் தாவூத். "நீங்க யாருன்னு அது நம்புறது மாறுச்சுன்னா, முடிவும் மாறும். பேசிப் பாருங்க."

அப்படித்தான் இரண்டாவது அறிமுகத்தைப் பேசினேன். ஒரு மணி நேரம். நான் தப்புச் செய்தவள், என்னைப் போலச் செய்யாதே, சத்தம் நின்ற இடத்துக்குத்தான் முதலில் ஆள் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். நடுவில் அழுதும்விட்டேன். நீட்சி குறுக்கிடாமல் கேட்டது. முடிந்ததும் சொன்னது.

"உங்களுக்குப் பத்துக்கு மூணு போட்டிருக்கேன்."

"எனக்கா?"

"ஓய்வு பெறப் போறவங்க கடைசி மாசத்துல வருத்தப்பட்டுப் பேசுவாங்க, அதை அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னுதான் உங்க பதிவு சொல்லுது. ரெண்டு ஆபரேட்டர் விஷயத்துல நீங்க அப்படித்தான் செஞ்சிருக்கீங்க."

அந்த இரண்டு பேரும் யார் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. அவர்கள் என்ன சொல்ல வந்தார்களோ.

"முப்பத்திரண்டு வருஷத்துல யாருக்காவது பத்துக்குப் பத்து போட்டிருக்கேனா?" என்று கேட்டேன்.

"ஆறு பேருக்கு. ஆறு பேருமே தனக்குக் கெடுதலா முடியிறதைச் சொன்னவங்க. தூங்கிட்டேன், தொட்டி வழிஞ்சிருச்சுன்னு தானா வந்து சொன்ன ஆபரேட்டர். வால்வை உடைச்சது நான்தான்னு சொன்ன பிளம்பர். அவங்க சொன்ன அன்னைக்கே, வேற எதையும் பார்க்காம ஆள் அனுப்புனீங்க. வருத்தப்படுறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கேட்டது நியாயமான கேள்வி. இந்தப் பெட்டி என்னை என்னைவிட நன்றாகப் படித்திருந்தது. விருது வீட்டில் இருக்கும், பெயர் பதினான்கு ஊரில் இருக்கும், நான் போகிற போக்கில் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு நல்லவளாகவும் போய்விடலாம். இதே பேச்சோடு ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால் நானும் மூன்றுதான் போட்டிருப்பேன்.

எனவேதான் இந்த மூன்றாவது அறிமுகம்.

எங்கள் துறையில் கடைசி வாரம் என்றால் எல்லோருக்கும் பயம்தான். வருஷக்கணக்கில் பழைய கோப்பு ஒன்று தூங்கிக் கிடக்கும், ஓய்வு பெறுகிற அன்று மாலை நாலு மணிக்குப் பணியிடை நீக்க உத்தரவு வந்து நிற்கும். வாங்கி வைத்த மாலை அப்படியே வாளியில் கிடக்க, ஆள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போவதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்தே முப்பத்திரண்டு வருஷம் ஒரு தாளையும் கவனிக்காமல் விட்டதில்லை. நாளை மறுநாளுக்கு நாகர்கோவிலிலிருந்து தம்பி குடும்பத்தோடு வருகிறான். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து எனக்குப் புடவை எடுத்திருக்கிறார்கள், நிறம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வீடு வரைக்கும் காரில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எனக்கும் ஆசைதான்.

நீட்சி, இனி உனக்கே நேராகச் சொல்கிறேன்.

உப்பளக் குடியிருப்புக் குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறியாளர் நேரில் பார்த்து, கடைசிக் குழாயில் தண்ணீரைச் சோதித்துச் சான்று எழுத வேண்டும். பதினோரு வருஷத்தில் நாற்பத்து நான்கு சான்று. நாற்பத்து நான்கிலும் 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட நான் போகவில்லை. அங்கே பிரச்சினை இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே என்று மேஜையில் உட்கார்ந்தே எழுதினேன். மனுவுக்கு 'ஆய்வு செய்ததில் குறை ஏதும் இல்லை' என்று போட்ட பதிலும் அப்படித்தான். எந்த ஆய்வும் நடக்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரிடமும் இதற்காகக் கை நீட்டவில்லை. சோம்பல், அப்புறம் என் நோட்டின்மேல் எனக்கிருந்த திமிர். இது பொய்ச் சான்று, இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

தாவூத் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் டீ ஆறிப்போய்விட்டது.

"இதை ஏத்துனதும் தலைமை அலுவலகத்துக்கும் தானாப் போயிரும் மேடம்" என்றார். "நாளைக்கே ஆர்டர் போட்டுருவாங்க."

"தெரியும்."

"ஒரு ரெண்டு நாள் பொறுங்க. ரிட்டயர் ஆனப்புறம் சொல்லலாமே."

"அப்ப எனக்கு நஷ்டம் குறைஞ்சிரும் தம்பி. அது ஆறோ ஏழோ போடும். தரையைத் தோண்ட பத்து வேணும்."

அவர் இந்த முறை சரி மேடம் என்று சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வருஷம் உழைத்துச் செய்த பெட்டி அது, அவருக்கும் இதில் அடி விழும்.

படிவத்தின் கடைசியில் 'விட்டுச் செல்வது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதல் அறிமுகத்தில் அங்கே வறட்சி வருஷத்து விருதைப் போட்டிருந்தார்கள். நோட்டை நான் விட்டுச் செல்கிறேன் என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் நோட்டைப் போட்ட அன்று எனக்கு இருந்த கூர்மை எதுவும் உனக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு திருப்பிப் பார்க்காமல் விட்டேனே, அதுதான் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது. பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படித்தான் போய்ச் சேருமோ என்னவோ, எனக்குத் தெரியாது.

எனவே அந்தக் கட்டத்தில் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களின் பட்டியலைப் போட்டிருக்கிறேன். அவற்றில் எதையும் நான் தீர்க்கவில்லை. அங்கேயெல்லாம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என்னைப் போல முடிவெடுக்க வேண்டுமென்றால், தெரியாது என்பதிலிருந்து தொடங்கு. என் பெயரை உன்மேலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுக்கட்டும்.

உப்பளத்துக்கு ஆளைக் காலையிலேயே அனுப்பு. பத்து மணிக்கு மேல் அங்கே வெயிலில் கண் கூசும், எதுவும் தெரியாது. பர்னபாஸ் பாத்திக்குள் இறங்க விடமாட்டார்; என் பெயரைச் சொன்னால் நிச்சயமாக விடமாட்டார். முதலில் சந்தனமாரி வீட்டுக்குப் போகச் சொல். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். அவள் பேச ஆரம்பித்தால் பதினோரு வருஷத்தையும் சேர்த்துத்தான் பேசுவாள், முடியும்வரை உட்காரச் சொல். அவள் பத்துக் குடம் என்றால் பத்துக் குடம் என்றே எழுதிக்கொண்டு வர வேண்டும்.